ஏழுவாய் ஆமையும் இரண்டாம் மாடித் தரையும்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ராட்சதப் பிராணிகளோடு சண்டை போடும் மரியபுஷ்பத்தின் ரெய்டு அணியில் யாருக்காவது மனம் தளர்ந்தால், அவர் தரைக்குள் இறங்கிவிடுவார். முதல் தோல்விக்குக் கணுக்கால் வரை, மூன்றாவதற்கு முழங்கால் வரை. உட்கார்ந்திருக்கும் நாற்காலி இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. உற்சாகம் வந்தால் ஏறிவிடலாம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அணியில் நான்கு பேர். தூத்துக்குடியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மரியபுஷ்பம்தான் தலைவி. சிவகாசி அச்சகத்தில் காலண்டர் அடிக்கும் தங்கமாரி முன்னால் நின்று அடி வாங்குவான். மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நஸ்ரின் காயம் ஆற்றுவாள். காரைக்குடியில் ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் சுந்தரவடிவேல் தூரத்தில் நின்று நெருப்பு வீசுவார். நான்கு வருடமாக ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, அவரவர் வீட்டிலிருந்தே ஹெட்போன் மாட்டிக்கொண்டு சேர்ந்து சண்டை போட்டார்கள். நேரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அந்த மாதம் அவர்களுக்கு எதிரியாக வாய்த்தது ஏழுவாய் ஆமை; ஏழு வாயையும் மூடவைத்தால்தான் அது வீழும். இருபத்தாறு முறை தோற்றிருந்தார்கள். இந்த ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் அதை வீழ்த்தாவிட்டால், விளையாட்டே அணியைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடும். விதி அப்படி.

பதினொன்றரைக்கு இருபத்தொன்பதாவது தோல்வியும் வந்து சேர்ந்தது.

"அக்கா, நான் இடுப்பு வரைக்கும் போயிட்டேன்," என்றான் தங்கமாரி. அவன் வீடு இரண்டாம் மாடியில். "காலு ரெண்டும் கீழ்வீட்டுல தொங்குது."

தோளைத் தாண்டிவிட்டால் ஆள் கீழ்வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்ன, ஒரு கேரம் போர்டுகூடக் கிடையாது.

மரியபுஷ்பம் உடனே பாராட்ட ஆரம்பித்தாள். கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர்களைச் சிரித்த முகமாக உள்ளே அனுப்பிப் பழகியவள். "போன தடவை நாலு வாயை மூட வச்சோம். நாலு! போன வாரம் ஒண்ணைத் தொட முடிஞ்சுதா? அதுலயும் அந்த நெருப்பு இருக்கே, அடடா!"

தங்கமாரி அரை அங்குலம் ஏறினான். ஆனால் எல்லோர் காதிலும் ஒரே பேச்சுதானே விழுகிறது? காலையில் பணியாரம் சாப்பிட்டு ஏற்கெனவே நல்ல மனநிலையில் இருந்த சுந்தரவடிவேல், கால் தரையில் பாவாமல் மேலே போய் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மனைவி வந்து விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

"ஏம்மா புஷ்பம், கீபோர்டு எட்டலைம்மா," என்றார் பரம சந்தோஷமாக.

வேறு வழியில்லை. "சார், உங்க நெருப்புல ஒரு அப்பளம் பொரியாது."

அவர் சடாரென்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சார் நெருப்பே அப்படின்னா நாம எங்கக்கா ஜெயிக்கிறது?" என்ற தங்கமாரி விலா வரை இறங்கினான்.

முப்பதாவது முறை ஆமை ஏழு வாயையும் ஒன்றாகத் திறந்தது. எத்தனையோ வாய்களைப் பார்த்தவள் மரியபுஷ்பம். ஒரு சொத்தைகூட இல்லாத இப்படியொரு வரிசையை அவள் கண்டதில்லை. அதைப் பார்த்தபோது, இது நடக்காது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோற்றார்கள்.

"அருமை, அருமை," என்றாள்.

"அக்கா, உங்க குரல் கீழேயிருந்து வருது," என்றாள் நஸ்ரின். "எவ்வளவு?"

மரியபுஷ்பம் குனிந்து பார்த்தாள். "மார்பு வரைக்கும். எங்க வீடு தரைத்தளம்ல. உள்ள ஈரம். குளுகுளுன்னுதான் இருக்கு."

தலைவி இறங்கவே மாட்டாள் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி, மற்றவர்கள் போனபிறகு தனியாக ஏறி வந்திருக்கிறாள். இன்று அதைச் சொன்னாள். "நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு அணிக்குப் போயிட்டா, நான் யாரைப் பாத்து அருமைன்னு சொல்லுவேன்?"



"இருங்கக்கா, துணைக்கு நானும் வரேன்," என்று நஸ்ரின் மார்பு வரை இறங்கினாள்.

"நான் மட்டும் மேல உக்காந்து யாரைக் காவல் காக்க?" என்று சுந்தரவடிவேலும் இறங்கினார்.

நான்கு ஊர்களில் நான்கு பேர், கையை மட்டும் மேலே தூக்கி மவுஸைப் பிடித்துக்கொண்டு, தரைக்கு ஒரு முழம் மேலே முகம் வைத்து இருந்தார்கள். மணி பன்னிரண்டே கால்.

அப்போது தங்கமாரி களுக்கென்று சிரித்தான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லக்கா. கீழ்வீட்டு லில்லி அக்கா டெய்லர். காலு சும்மாத்தானே தொங்குதுன்னு பேன்ட்டுக்கு அளவெடுக்கிறாங்க. உள்ளங்கால்ல டேப்பு... ஐயோ, கூசுதுக்கா!"

"பேன்ட்டுக்கு உள்ளங்கால்ல என்ன அளவு?" என்று சப் இன்ஸ்பெக்டர் விசாரணைக் குரலில் கேட்டார்.

"கேட்டேன் சார். சாக்ஸோட சேத்து ஒரே துணியாத் தைக்கப் போறாங்களாம்!"

முதலில் நஸ்ரினுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மரியபுஷ்பம் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டுச் சுந்தரவடிவேல் சிரித்துச் சிரித்து இருமினார். பாராட்டு ஆளுக்கு ஆள் கூடும், குறையும். சிரிப்போ நான்கு பேரையும் ஒரே மட்டத்தில் தூக்கியது. நாற்காலிக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றார்கள். கீபோர்டு நன்றாக எட்டியது.

தங்கமாரியின் கால்கள் கீழ்வீட்டுக் கூரைக்குள் மறைந்துவிட்டதால், லில்லி டேப்போடு மாடிப்படி ஏறி வந்தார். "ஆடாதப்பா, இடது கால் பாக்கி," என்று அவர் அதட்டுவது எல்லோருடைய ஹெட்போனிலும் கேட்டது. அவ்வளவுதான். அடி வாங்குகிறவன் குலுங்கிக் குலுங்கி வாங்கினான். காயம் ஆற்றுகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆற்றினாள். மூன்று வாய் மூடியது, ஐந்து மூடியது. ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ஏழாவது வாயும் மூடியது. ஆமை ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"ஜெயிச்சிட்டோமாக்கா?" என்றான் தங்கமாரி.

"அருமை," என்றாள் மரியபுஷ்பம். 

ஆமை விட்டுச்சென்ற பரிசுப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே, துணிபோல் மடித்து வைத்த ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை இருந்தது. ஆளுக்கு ஆறு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டார்கள். காலைப் பகுதி நஸ்ரினுக்கு, சாயங்காலம் தங்கமாரிக்கு. எப்படியும் தூங்கத்தானே போகிறேன் என்று பின்னிரவைச் சுந்தரவடிவேல் கேட்டு வாங்கிக்கொண்டார். மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை மரியபுஷ்பத்துக்கு வந்தது. ஓரங்களில் லேசாக ஈரம் இருந்ததால், அதை உதறிக் கொடியில் காயப்போட்டு, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கிளிப் மாட்டினாள்.