மியூசியமாகிப் போன வீடு

என் வீட்டுக்காரர் காளியப்பன் பால்மரம் சீவின நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் படம் போட்டார். படமா அது? ரப்பர் மரத்துக்கு முலை முளைத்து, கீழே கட்டிய மங்குக் கோப்பையில் பால் ஒழுகும். பக்கத்தில் துரையின் தொப்பி. தொப்பிக்குக் கீழே ரத்தம் குடித்துக் கொழுத்த ஓர் அட்டை. கோயில் கமிட்டி ஆபாசம் என்றது. கங்காணி மணியம் துரையிடம் போய் வத்தி வைத்தார்.

துரை பிரம்போடு வந்தார். கூடவே சீமையிலிருந்து வந்திருந்த அவர் தங்கச்சி. அந்தம்மா சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்து, "சர்ரியலிசம்!" என்று கத்தினாள். ஏதோ தொத்து வியாதி என்று பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அப்புறம் என்னை உள்ளே விடவே இல்லை.

ஆபீஸ் கிராணி மனோகரன்தான் விளக்கினார். "இது கனவுப் படமாம், அங்கம்மா. சீமையில இதுக்குத்தான் இப்ப மவுசாம். உங்க வீட்டை மியூசியமாக்கப் போறாங்க."

"நாங்க எங்க படுக்கிறதுங்க?"

"மாட்டுக் கொட்டாய் காலியாத்தானே கெடக்கு?"

என் வீட்டுக்காரர் பூரித்துப்போய் நின்றார். பெண்டாட்டியும் மூன்று மாதப் பிள்ளையும் சாணியில் படுப்பது கலைத் தொண்டாம். அடி செருப்பால!

மழை பிடித்துக்கொண்டது. கொட்டாய் ஒழுகிப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. சுவரிலிருந்த அட்டை மட்டும் என் கூரைக்குக் கீழே சுகமாக இருந்தது.

திறப்பு விழாவுக்குப் பத்து பகாட் பட்டணத்திலிருந்து துரைமார்கள் காரில் வந்து இறங்கினார்கள். படத்தின் அர்த்தம் தெரிந்தால் துரை கோபத்தில் மியூசியத்தை மூடிவிடுவார், வீடு திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நேரே அவரிடம் போனேன்.

"தொரை, அந்த அட்டை நீங்கதான்!"

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்த கிராணி, அதை இங்கிலீசில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். துரையும் சிரித்தார். தங்கச்சி முன்னால் வேறென்ன செய்வார், பாவம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய், சுவரோரம் பாயை விரித்துப் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

"எந்திரி புள்ள!" என்று கிராணி கத்தினார். அந்தம்மாவோ மறுபடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"இதுவும் உன் படைப்பான்னு கேக்குறாங்க, காளியப்பா."

"ஆமான்னு சொல்லித் தொலைங்க!" என்று என் வீட்டுக்காரரை முறைத்தேன். மனுஷன் தலையாட்டினார்.

அன்றிலிருந்து நானும் பிள்ளையும் வீட்டில்தான் இருக்கிறோம். சளி விட்டுவிட்டது. தலைமாட்டில், தொடக்கூடாது என்று இங்கிலீசில் எழுதிப் பலகை மாட்டியிருக்கிறார்களாம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நான் பலகையைக் காட்டினேன்.

பாயோடு கொட்டாய்க்குத் திரும்பிப் போனார்.