துத்தநாகக் குழாயின் பச்சை

இது அடங்கிவிட்டது என்று எழுதினால் பொய். அடங்கவில்லை, பிடிபட்டிருக்கிறது. அதை ஆய்வுக் குறிப்பில் எந்தச் சொல்லால் எழுதுவது?

இராசமலர் பரிசோதனைக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு இருந்த அதே பச்சை. இப்போது பதினொன்றரை.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிறது. இந்தத் தொண்ணூற்றிரண்டில் அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு போத்தலின் அடியில் கிடந்த சேதனச் சேர்வை, ஒரு கரிமப் பொருள்தான். காரத்தில் கலக்கினால் அதன் மூலக்கூறில் ஒரு இலத்திரன் சோடியில்லாமல் நிற்கும். அப்படி நிற்பதைத்தான் மூலிகம் என்பார்கள். தனியே விட்டால் அகப்பட்டதோடெல்லாம் தாக்கமுற்று ஒரு நிமிடத்தில் பழுப்புக் கபில நிறமாகிவிடும். செம்பு சேர்த்தால் இன்னும் வேகம். துத்தநாகம் சேர்த்தால் மட்டும், உலோகம் அதைப் பற்றிக்கொள்ள, மணிக்கணக்காகப் பச்சையாக நிற்கும். செத்த ரோச் லைற் பற்றரியின் வெளிக்கோதை உரித்து, அமிலத்தில் கரைத்து, அந்தத் துத்தநாகத்தை எடுத்திருந்தாள்.

நேற்று, தனி இலத்திரனுக்குச் சோடி கொடுக்கும் விற்றமின் சி குளிசை கரைத்த தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். தனி மூலிகம் உடனே நிறம் இழந்தது. உலோகம் பற்றியது நாற்பது நிமிடம் எடுத்தது. ஆனால் இழந்தது. அப்படியென்றால் அந்த இலத்திரன் உள்ளே இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. அதை நேரே காட்டும் கருவி கொழும்பில் இருந்தது. குடாநாட்டை விட்டுப் போவதற்கு இயக்கம் தரும் அனுமதிச் சீட்டு, பாஸ், வேண்டும். அடுத்த மாதம் எழுதிக் கேட்பதென்று முடிவெடுத்திருந்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

“இன்னும் பச்சையோ? உமக்குப் பயந்துதான் உது நிறம் மாறாமல் நிக்குது.”

வின்சன்ற். குருநகர்க்காரன். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த உதவி விரிவுரையாளன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த படிவத்தை எடுத்து மேசையில் விரித்தான்.

“வெள்ளிக்கிழமை கிளாலியாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போறம். அற்புதராணியும் பிள்ளையும் வருகினம். ஆள்பிணை கேக்கினம், மலர். நான் திரும்பி வருமட்டும் அந்த ஆள் இங்கையிருந்து அசையேலாது.”

“எப்ப திரும்புவீர்?”

“மூண்டு மாதம் எண்டு போட்டிருக்கு.”

“படிவத்திலை என்ன போட்டிருக்கு எண்டு நான் கேக்கேல்லை.”

அவன் யன்னலைப் பார்த்தான். அவன் மனைவி அற்புதராணியின் தமையன் கனடாவில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

“பிள்ளைக்கு முட்டு இழுக்குது, மூச்சு விடக் கஷ்டப்படுது. இங்கை மருந்தில்லை.”

“உம்மடை மாமா யாகப்பு இருக்கிறார்தானே?”

“வயது போன ஆக்களைப் பிணைக்கு எடுக்கினமில்லை. உமக்கென்ன, கலியாணமோ காட்சியோ? தூக்கி எறிஞ்சாலும் இந்த மேசையடியிலைதான் விழுவீர்.” சிரித்தான். “பாஸ் கந்தோரிலை உம்மடை பேரைச் சொன்ன உடனை, அவ எங்கையும் போகமாட்டா, அவவெண்டால் சரி எண்டிட்டாங்கள்.”

“என்ரை பேரைச் சொல்லிப்போட்டீரோ?”

“சும்மா கேட்டுப் பாத்தனான்.”

அவளுக்கு முகம் சுட்டது. அண்ணை வெளிநாடு போனபோது அம்மாவோடு மலர் இருப்பாள் என்றார்கள். துறையில் ஒவ்வொருவராக வெளிக்கிட்டபோது வகுப்புகளை மலர் பார்ப்பாள் என்றார்கள். அம்மா காலமாகி ஒரு வருடமாகிவிட்டது. இருந்த இடத்தில் இருந்ததற்காக அவளை எல்லோரும் மெச்சினார்கள். இருக்க விருப்பமா என்று அவளே தன்னைக் கேட்டது போன மாதம்தான். கையெழுத்து வைத்தால், திரும்பி வரப்போகாத ஒருவனுக்காக இங்கேயே இருக்கவேண்டும்.

பிள்ளையின் மூச்சுச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அது அவள் மடியில்தான் நித்திரை கொண்டது.

வின்சன்ற் பேனையைத் திறந்து நீட்டினான்.

அவள் படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“என்னாலை ஏலாது, வின்சன்ற். நானும் பாஸுக்கு எழுதப்போறன்.”

மெல்லத்தான் சொன்னாள். அவன் பேனையை நீட்டியபடியே நின்றான்.