நாலாவது பக்கம்

கோட்டு, கால்சட்டை, டை, கறுப்பு ஷூ எல்லாவற்றையும் சோதனை எந்திரத்தின் பட்டையில் கிடத்தினாள் பவுலா குபியாக்.

"யாருக்கும்மா கல்யாணம்?" என்றார் காவலாளி.

"எங்கப்பாவுக்கு அடக்கம் சார். பதினோரு மணிக்கு. தம்பி உள்ள இருக்கான், இன்னிக்குத்தான் விடுறாங்க. கொஞ்சம் சீக்கிரம்."

காவலாளி நாக்கைக் கடித்துக்கொண்டு ஷூவை அவரே எடுத்துக் கொடுத்தார். மணி ஒன்பதரை. அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக் கோர்ட்டில் காப்பி மெஷின் வேலை செய்யாத இன்னொரு காலை.

நடந்தது இதுதான். அப்பா பெர்னி ஆஸ்பத்திரியில் படுத்ததும் மகன் டெனிஸைக் கூப்பிட்டு, "வீட்ல ஒரு பழைய துப்பாக்கி கெடக்குடா. லைசென்ஸ் இல்ல. போலீஸ்ல கொண்டுபோய் ஒப்படைச்சிரு" என்றார். அதை ஒப்படைக்கத்தான் போனான் மடையன். வழியில் ஒரு சிவப்பு சிக்னலில் நிற்காமல் விட்டுவிட்டான். நிறுத்திய போலீஸ்காரர் கேட்காமல் கொள்ளாமல் டிக்கியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டார். ஜாமீனுக்கு வழியில்லை, நாலு மாசமாக உள்ளே. கேட்காமல் திறந்தது தப்பில்லை என்று நீதிபதியும் சொல்லியாயிற்று. "பாவி, என்னாலதானே அவன் உள்ள இருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமை பெர்னி போய்ச் சேர்ந்தார்.

வராந்தாவில் அரசு கொடுத்த வக்கீல் ரீட் மேடம் நின்றிருந்தாள். கையில் நாலு பக்கம்.

"அரசுத் தரப்பு ஒரு பேரத்துக்கு வந்திருக்கு. சின்னக் குற்றம்னு ஒத்துக்கிட்டா, இருந்த நாலு மாசமே தண்டனை. இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனா இந்த நாலாவது பக்கம் இருக்கு பாருங்க. அப்பீல் பண்ற உரிமையை விட்டுக் கொடுக்கறேன்னு கையெழுத்துப் போடணும்."

"போட்டுட்டுப் போறான்."

"போட்டா டிக்கியத் திறந்தது சரியா தப்பான்னு மேல் கோர்ட்ல கேக்கவே முடியாது. குற்றம் அவர் பேர்லயே நிக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டறவர்தானே? அந்த வேலை போயிடும்."

பவுலா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன். தெருக் குழந்தைகள் எல்லாம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அதற்குள் போன் அலறியது. தேவாலயத்திலிருந்து வாண்டா அத்தை.

"வந்துட்டானாடி? ஃபாதர் ரெண்டு தடவ வாட்சப் பாத்துட்டார். கூடத்துல பியரோகி கொழுக்கட்டை ஆறுது. எங்கண்ணன் உசிரோட இருந்தப்பதான் எல்லாரையும் காக்க வெச்சான்னா, செத்தும் காக்க வெக்கிறான்."

"வரான் அத்தை, வரான்" என்று போனை வைத்தாள். வக்கீலிடம் திரும்பி, "போடச் சொல்லுங்க மேடம். வேலை வேற கெடைக்கும், அப்பா வேற கெடைக்க மாட்டார்" என்றாள்.

டெனிஸைக் கூட்டி வந்தார்கள். விலங்கு, ஆரஞ்சு உடுப்பு, ஒட்டிய கன்னம். அக்காவைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் ஏற்றி இறக்கினான். சின்ன வயசில் பூசையின் நடுவே அவளைச் சிரிக்க வைக்கச் செய்யும் சேட்டை அது. சனியன், இன்றைக்கும் சிரிப்பு வந்தது.

எல்லாக் கேள்விக்கும் 'ஆமா' என்றால் போதும். அந்தக் கட்டடத்தில் தினமும் நாற்பது பேர் சொல்லிவிட்டுப் போகிற பதில். ரீட் மேடம் மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நீதிபதி ஹோலிஹன் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "படிச்சுப் பாத்தீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்பீல் உரிமை தனி. அதை உங்க சொந்த விருப்பத்துல, யாரும் கட்டாயப்படுத்தாம விட்டுக் கொடுக்கறீங்களா?"

டெனிஸ் யோசித்தான். பவுலாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பெர்னி பெற்ற பிள்ளை, பொய் சொன்னால் காது சிவக்கும்.

"இல்ல மேடம்."

"போச்சுடா!" என்றாள் பவுலா, சத்தமாகவே.

"விருப்பமெல்லாம் இல்ல. பதினோரு மணிக்கு எங்கப்பா அடக்கம். இதுல போட்டாத்தான் விடுவாங்களாம். அதான் போடுறேன். யாரும் அடிக்கல, மிரட்டல. அப்பா செத்துட்டார், அவ்ளோதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை சொந்த விருப்பம்னு நான் எழுத முடியாது." அரசுத் தரப்பு வக்கீலிடம் திரும்பினாள். "அந்தப் பக்கத்தை எடுக்கறீங்களா, இல்ல பேரத்தையே எடுக்கறீங்களா?"

அந்த இளைஞனுக்கு வேர்த்தது. "அந்தப் பக்கம் இல்லாம நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல, யுவர் ஆனர்."

"அப்ப விசாரணை நடத்துங்க" என்றாள் ரீட் மேடம், குரலை உயர்த்தாமல். "துப்பாக்கியோட சொந்தக்காரர்தான் எங்க முதல் சாட்சி. சம்மனை தேவாலயத்துக்கு அனுப்பணும். பதினோரு மணி வரைக்கும் இருப்பார்."

பின்வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி அவசரமாக ஒரு காகிதத்தைத் தேடினாள். இளைஞன் மேலதிகாரிக்குப் போன் போட மூலைக்குப் போனான். மணி பத்தேகால். பவுலா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மேலதிகாரி மாட்டேன் என்று சொன்னால், அப்பாவைத் தம்பி இனிப் பார்க்கப் போவதே இல்லை. கடவுளே, ஒரே ஒரு தடவை.

திரும்பி வந்தவன் நாலாவது பக்கத்தை உருவி, இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "மீதி மூணுக்கும் சம்மதம், யுவர் ஆனர்."

"நல்லது. அப்பீல் பண்ண முப்பது நாள் இருக்கு, மிஸ்டர் குபியாக். இங்கயே விலங்கக் கழட்டுங்க."

கழிப்பறையில் உடை மாற்றினான். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. காரில் சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம், "நில்லு அக்கா, நில்லு, ஒரு சிக்னல விட்டுத்தான் நாலு மாசம்" என்று கத்திக்கொண்டே வந்தான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அழுகையா சிரிப்பா, அவளுக்கே தெரியவில்லை.

தேவாலய வாசலில் சவவண்டியின் கதவு திறந்திருந்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவன் டெனிஸைப் பார்த்ததும் விலகிக்கொண்டான். டெனிஸ் கைப்பிடியைப் பிடித்தான். தூக்கும்போது கோட்டுக்கை முழங்கைப் பக்கமாக ஏறியது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம்.

காலையிலிருந்து வாய் ஓயாத வாண்டா அத்தை பக்கத்தில் வந்தாள். கோட்டுக்கையைப் பிடித்து உள்ளங்கை வரைக்கும் இழுத்துவிட்டு, படியேறி முடியும் வரை அதைப் பிடித்தபடியே கூட நடந்தாள்.