கடலில் நிற்பவனின் கட்டை

கடலிலிருந்து சங்கு முழங்கியது. ஒரே ஒரு தடவை. அதுவும் பாதியில் அறுந்தது.

கரையோரத்து ஓலைக் கொட்டிலான வாடிக்குள் கூடியிருந்த மீனவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காலை பத்து மணிதான். ஆனால் மழைமூட்டம் கடலை முழுவதும் மூடிக் கிடந்தது. கரை தெரியாமல் தவிக்கும் தோணிதான் இப்படிச் சங்கு ஊதும்.

“பேதுருட தோணியோ?” என்று ஒருவன் கேட்டான். அன்று கரை திரும்பாதது அது ஒன்றுதான்.

“என்ட மகன் கடலுக்குப் புதுசா? மூட்டம் கலையும்வரைக்கும் நங்கூரம் போட்டுக் கிடப்பான். வந்த அலுவலைப் பாருங்க” என்றார் அன்ரனிப்பிள்ளை.

அவர் தோணிகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, கிராமச் சங்கத் தலைவர். வந்த அலுவல், வாக்கெடுப்பு. அந்தத் தோணித் துறையின் நன்மைக்கென்று அரசாங்கம் ஒரு தொகை ஒதுக்கியிருந்தது. அதை எதற்குச் செலவிடுவதென்று ஊராரே தீர்மானிக்கலாம் என்று புத்தளத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. வழமையில் துரைமார் தீர்மானிப்பார்கள், ஊரார் தலையாட்டுவார்கள். 1937இல்தான் அந்தத் துறை இப்படியொரு புதுமையைக் கண்டது.

அன்ரனிப்பிள்ளைக்கு ரோட்டு வேண்டும். ரோட்டு வந்தால் அவருடைய கருவாட்டு லொறி கரைவரை வரும். அனஸ்தாசியாவுக்குக் கடலுக்குள் கிடந்த பாறைத் திட்டான கல்பாரில் ஒரு விளக்கும், மூட்டத்தில் அடிக்க ஒரு மணியும் வேண்டும். போன ஆடியில் அந்தப் பாரில் மோதித்தான் அவள் கணவன் யோசேப்பும் மற்ற ஐந்து பேரும் தோணியோடு போனார்கள். அவளுடைய இரண்டு தம்பிமாரும் இன்னும் அதே வழியாகத்தான் கடலுக்குப் போகிறார்கள்.

கரைவலை இழுக்க முறை பிரிப்பதுபோலவே வாக்கெடுப்பும் நடந்தது. ஒவ்வொருவனுக்கும் தன் குறி வெட்டிய மிதப்புக் கட்டை ஒன்று உண்டு. வாய்க்குத் துணி கட்டிய இரண்டு ஓலைக் கடகங்கள் இருந்தன. வலப்பக்கம் ரோட்டு, இடப்பக்கம் விளக்கு. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து துணிக்கடியில் கையை விட்டுக் கட்டையைப் போட்டார்கள்.

கடைசியாக அன்ரனிப்பிள்ளை வாடிக் கம்பத்தில் தொங்கிய பேதுருவின் கட்டையைக் கழற்றி, எல்லாரும் பார்க்க ரோட்டுக் கடகத்தில் போட்டார்.

“பேதுரு விளக்குக்குத்தானே நிண்டவன், சம்மாட்டியார்?” என்றாள் வாசலில் நின்ற அனஸ்தாசியா.

“கடலில நிக்கிறவன்ட கட்டையை அவன்ட வீட்டு ஆள் போடலாம். துறையில காலங்காலமா உள்ள வழக்கம்தானே? பிடிக்காட்டி அவன் வந்து மாத்தட்டும்.”

“அப்பிடியெண்டா என்ட மனுசனும் கடலிலதான் நிக்கிறார்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆறு பேரின் உடல்களும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனின் கட்டைக்குக் கல் கட்டி, அவன் போன இடத்திலேயே கடலில் அமிழ்த்துவது அங்கே முறை. ஆறு கட்டைகளுக்கும் தன் கையாலேயே கல் கட்டியவர் அன்ரனிப்பிள்ளை.

“வந்து போட்டா எண்ணுவம், பிள்ளை” என்றார் அவர்.

கல்பிட்டியிலிருந்து வந்திருந்த சங்க எழுத்தர் சாஹுல் ஹமீது ரோட்டுக் கடகத்தை அவிழ்த்து எண்ணினார்.

“பத்தொம்பது.”

“இருவது இருக்கவேணும். நல்லாப் பாருங்க” என்றார் தலைவர். ஆதரவாளர்களின் தலைகளை அவர் முதலே எண்ணி வைத்திருந்தார்.

சாஹுல் ஹமீது கடகத்தைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

“சரி, போகட்டும். விளக்குக்குப் பதிமூண்டுக்கு மேல வராது” என்றார் தலைவர்.

விளக்குக் கடகத்திலிருந்து பதின்மூன்று கட்டைகள் வந்தன. பதினாலாவதைத் தொட்டதும் சாஹுல் ஹமீது கையை வெடுக்கென்று இழுத்தார். விரல்களில் தண்ணீர் சொட்டியது.

“யா அல்லாஹ்! உள்ளுக்கு இன்னும் கிடக்கு.”

ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தார். ஆறு கட்டைகள். பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, அறுந்த கயிற்றோடு. முதல் கட்டையில் யோசேப்பின் நங்கூரக் குறி இருந்தது. வாசலில் நின்ற அனஸ்தாசியா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யார் கட்டை, யார் குறி என்று எவரும் கேட்கவில்லை. கூட்டம் ஓலைச் சுவர்வரை பின்வாங்கியது.

“பத்தொம்பதுக்குப் பத்தொம்பது” என்றார் சாஹுல் ஹமீது. “வந்து போட்டா எண்ணுவம் எண்டு நீங்கதான் சொன்னீங்க, தலைவர்.”

கடகத்தின் அடியில் இன்னும் ஏதோ கிடப்பது அன்ரனிப்பிள்ளைக்குத் தெரிந்தது. தானே குனிந்து எடுத்தார்.

அதில் பாசியில்லை. சிப்பியில்லை. நேற்று வெட்டியதுபோல மீன்முள் குறி. அவருடைய மகனின் குறி. ஓரங்களிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்து அவர் முழங்கைவரை ஓடியது.

வெளியே கடலில் சங்குச் சத்தம் இல்லை.

“விளக்குக்கு இருவது” என்று சாஹுல் ஹமீது முணுமுணுத்தார்.

அன்ரனிப்பிள்ளை கட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“நான் போட்ட நேரம் இது காய்ஞ்சு கிடந்தது.”