கிணற்றோடு தீர்ந்த வழி

இந்தப் பிலிப்பைன்ஸ் தீவுக்கு மாற்றலாகி வந்த இரண்டு மாதத்தில் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. வகுப்பிலும் எரிச்சல்தான். வகுத்தல் கணக்கின் ஏழு படிகளையும் ஒரே மூச்சில் சொல்வேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நோட்டில் இரண்டு படிக்குமேல் இருக்காது.

திருவிழாவன்று மீன்காரி நெனிதா வழிமறித்தாள். "மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பாடு டீச்சர். சர்ச் தாண்டி இடது, கிணத்துக்கிட்ட வலது, பாலம், மேடு, பன்னிக்கொட்டாய், நீலக் கதவு, அதுக்கு எதிர்ச் சந்து. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று தலையாட்டினேன். மறுபடி கேட்க வெட்கம்.

கிணற்றோடு எனக்கு வழி தீர்ந்துவிட்டது; அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. திரும்பி வந்து தனியாக நூடுல்ஸ் தின்றேன்.

மறுநாள் கரும்பலகையில் முதல் படியை மட்டும் எழுதினேன்.

"மீதி எங்க டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"இதைப் போட்டு முடி. அடுத்ததைக் கிணத்துக்கிட்ட சொல்றேன்."