சுவர்ணமாலினியின் சவுரி

'எருமை வருது' என்ற வாட்ஸ்அப் குழுவில் நாலே பேர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் பியூட்டி பார்லர் நடத்தும் சங்கரி, மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பாக்கியலக்ஷ்மி, போர்ட் கொச்சி ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்யும் ஆனந்தகுமார், இடக்கொச்சியில் கட்டட மேஸ்திரியாக இருக்கும் சுப்புராஜ். எல்லோரும் தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். குழுவில் பேச்சும் இரண்டே வகைதான். குழாயில் தண்ணீர் வந்ததா, வைப்பின் தீவுக்கு ஜங்கார் படகு ஓடுகிறதா, கொத்தமல்லி ஏன் அழுகி வருகிறது என்பது ஒன்று. மற்றது பிரபலங்களின் சாவு.

நடிகரோ பாடகரோ யாராவது இறந்தால், சேதியை முதலில் போடுகிறவருக்கு எருமை. அடுத்த சாவு வரைக்கும் குழுவின் படத்தில் எருமை மேல் எமனுக்குப் பதிலாக அவர் முகம் உட்கார்ந்திருக்கும். சங்கரி அந்த வருடத்தில் மட்டும் நாலு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆனந்தகுமார் முந்திக்கொண்டான். ஒரு பழைய வில்லன் நடிகர்.

"எருமை எனக்கு" என்று எழுதியிருந்தான்.

"சினிமால நாப்பது தடவை செத்தவரு. பழகியிருக்கும்" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"ஹீரோ வந்து அடிக்காமலேயா?" இது சுப்புராஜ்.

சங்கரி போட்டாள்: "ஹீரோவுக்கு முட்டி வலி. வர முடியாதுன்னு சொல்லிவிட்டாரு. இவரே முடிச்சுக்கிட்டாரு."

சிரிக்கும் மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. பிறகு சுப்புராஜ் தன் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றான். அத்துடன் வில்லன் கதை முடிந்தது.

சங்கரியின் நாக்குக்கு அந்தக் குழுவில் ஒரு மரியாதை உண்டு. அவள் எழுதியதிலேயே ஊர் சுற்றிய வரி சுவர்ணமாலினியைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பின்னலோடு ஒரு காலத்தில் திரையை நிறைத்த நடிகை. அந்தப் பின்னல் சவுரி என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். "சுவர்ணமாலினி போனா ரெண்டு சிதை அடுக்கணும். ஒண்ணு அந்தம்மாவுக்கு, ஒண்ணு சவுரிக்கு" என்று இரண்டு வருடம் முன்பு சங்கரி போட்டாள். சுப்புராஜ் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினான். மூன்றே நாளில் அது யார் யார் பெயரிலோ அவளுக்கே திரும்பி வந்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு வயதான அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். எழுபது இருக்கும். விரல்கள் எல்லாம் முடக்குவாதத்தில் கோணியிருந்தன.

"தமிழ்க் குட்டி ஒருத்தி தலை நன்னா பின்னுவான்னு கேட்டேன். நீதானா?"

"ஆமா மாமி, உக்காருங்க. உங்களுக்கா?"

"எனக்கில்லை. அக்காவுக்கு. ஆத்துக்கு வரணும். பாலஸ் ரோட்டுக்குப் பின்னாடிதான்."

"உடம்பு முடியாம இருக்காங்களா?"

"காலம்பற போயிட்டா" என்றாள் அந்த அம்மாள். "தலையை அவிழ்த்து விடணும்னுதான் சாஸ்திரம். ஆனா அவ, பின்னித்தான் போவேன்னு சொல்லி வச்சிருக்கா. கடைசி வரைக்கும் ஓர்மை தெளிவா இருந்தது, கேட்டியா. என் கை மடங்க மாட்டேங்கறது. வேலைக்கு வர்றவ பயந்துண்டு ஓடிட்டா."

சங்கரி பிணத்தைத் தொட்டதில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அந்த அம்மாள் அத்தனை படியும் ஏறிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சங்கரி சீப்பையும் எண்ணெய்ப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

வழியில் அந்த அம்மாளின் பெயர் கமலாக்ஷி என்று தெரிந்தது. வீட்டு வாசலில் நின்று, சாவியைப் போடுவதற்கு முன் கமலாக்ஷி சொன்னாள்: "என் பிள்ளை வெங்கிடராமன் திருச்சூர்லேருந்து வந்துண்டிருக்கான். ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. வெளியில தெரிஞ்சா அப்பறம் என்னால அவ பக்கத்துல உக்கார முடியாது."

ஒரு அக்கா இறந்ததில் அப்படி என்ன ரகசியம் என்று சங்கரிக்குப் புரியவில்லை. உள் அறைக்குப் போனதும் புரிந்தது. கட்டிலில் மெலிந்த ஒரு கிழவி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் அந்த இடது புருவம் மட்டும், படங்களில் பார்த்த மாதிரியே, ஏதோ கேட்கப்போவது போல் உயர்ந்து நின்றது.

"மாமி… இவங்க…"

"எனக்கு மீனாக்ஷி. உங்களுக்கெல்லாம் சுவர்ணமாலினி. மதராஸ்லேருந்து வந்து ஒன்றரை வருஷமாச்சு. யாருக்கும் தெரியாது."

பையில் போன் அதிர்ந்தது. சங்கரி எடுக்கவில்லை.

தலைமாட்டில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. தலையணை என்று நினைத்தாள். கமலாக்ஷி அதன் முடிச்சைக் காட்டி, "அவிழ்" என்றாள்.

அவிழ்த்ததும் முடி கட்டிலின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. தரையைத் தொட்டது. தொட்ட பிறகும் நிற்காமல் சரிந்து சரிந்து தரையில் சுருண்டது. சங்கரி இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தாள். பிடிக்குள் அடங்கவில்லை. ஈரத்துணி போலக் கனத்தது. இருபது வருடத்தில் எத்தனையோ தலைகளைப் பார்த்தவள் அவள். ஒட்டுமுடி எது, சாயம் எது என்று தொட்டாலே தெரியும். வேர்க்கால்களை விரலால் நீவிப் பார்த்தாள். அத்தனையும் அந்தத் தலையில் முளைத்தது.

தரையில் ஒரு வேட்டியை விரித்து நுனியை அதன்மேல் நீட்டி வைத்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். வேரிலிருந்து வெள்ளை, நல்ல வெள்ளை. போகப் போகப் பழைய தந்தத்தின் நிறம். கடைசி ஓரடி மட்டும் கன்னங்கரேல் என்று கறுப்பு.

"மாமி, கடைசியா சாயம் போட்டது எப்ப?"

"கடைசிப் படத்துக்கு. ஒம்பது வருஷமாறது. அப்பறம் போடமாட்டேன்னுட்டா."

முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். சங்கரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலரை அடி வெள்ளை. சரியாக இருந்தது. அந்தக் கறுப்பு ஓரடி, கேமரா பார்த்த முடியில் உதிர்ந்தது போக மிச்சம். அதற்கு மேலே இருப்பது யாரும் பார்க்காத ஒன்பது வருடம். மொத்த நீளம் சங்கரியின் உயரத்தைவிட அதிகம்.  

சிக்கெடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கமலாக்ஷி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் நாலைந்து முறை அதிர்ந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சங்கரி ஒரு முறை எடுத்துப் பார்த்தாள்.

"சங்கரி அக்காவ ஆளையே காணோம். அவங்களுக்கே இரங்கல் போட்டுறலாமா?" என்று ஆனந்தகுமார் எழுதியிருந்தான். கீழே சுப்புராஜ்: "மட்டாஞ்சேரில ஒரு பழைய நடிகை சீரியஸ்ஸா இருக்காங்கன்னு ஆட்டோக்காரன் சொல்றான். யாருன்னு தெரிஞ்சா எருமை நமக்கு." பாக்கியலக்ஷ்மி கேட்டிருந்தாள்: "சவுரி அம்மாவா?"

சங்கரி போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.

"சவுரின்னு சொல்வாளே எல்லாரும்" என்று கமலாக்ஷி தானாகவே ஆரம்பித்தாள். "அதுல அவளுக்குக் கோவமே கிடையாது. வெள்ளிக்கிழமை தலை குளிச்சா சாயங்காலம் வரைக்கும் காயணும். ஜன்னல் கம்பியில போட்டுண்டு உக்காந்திருப்பா. ஒரு நாள் என் பேத்தி மாளவிகா போன்ல ஏதோ படிச்சுக் காட்டினா. இவ போனா ரெண்டு சிதை அடுக்கணுமாம், சவுரிக்குத் தனியா ஒண்ணு. ரெண்டு நாள் சிரிச்சா. சாயா குடிக்கறச்சே நெனைச்சுண்டு சிரிச்சு, புரைக்கேறிடுத்து."

சங்கரியின் கை நின்றது. மூன்று காலாகப் பிரித்த முடி விரலிடுக்கில் இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

"மாமி, அது நான் எழுதினது."

கமலாக்ஷி நிமிர்ந்து பார்த்தாள். 

"நீயா?"

"ஆமா மாமி."

வெளியே சந்தில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். கமலாக்ஷியின் பார்வை சங்கரியின் விரல்களுக்கு இறங்கியது. பிறகு, "மூணாவது கால் தளர்றது பார். இறுக்கிப் பிடி" என்றாள்.

சங்கரி இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டது, துடைக்கக் கையில்லை. பின்னிக்கொண்டே தலைமாட்டிலிருந்து அடி அடியாகப் பின்னால் நகர்ந்தாள். கடைசி முடிச்சைப் போடும்போது அவள் முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது.

பின்னலை இருவருமாகத் தூக்கித் தோள்வழியாக முன்னால் எடுத்து உடம்பின் மேல் கிடத்தினார்கள். வெள்ளையாகத் தொடங்கி மார்பு, இடுப்பு, முழங்கால் என்று இறங்கி, கறுப்பு நுனி பாதத்தின் மேல் வந்து நின்றது. கமலாக்ஷி குனிந்து அந்த நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சங்கரியும் ஒற்றிக்கொண்டாள். அப்படிச் செய்வோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஒரு மணிக்கு வெங்கிடராமன் வந்தார். இரண்டு மணிக்குள் சந்து நிறைந்துவிட்டது. மிளகுக் கிடங்குச் சுமைக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், வைப்பினிலிருந்து ஜங்கார் ஏறி வந்த மீன்காரப் பெண்கள். வாசலில் தள்ளுமுள்ளும் சளசளப்புமாக இருந்தது. உள் அறை வாசலில் கால் வைத்ததும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு சுமைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "எண்டம்மே" என்று மட்டும் சொன்னார்.

சங்கரி தெருவுக்கு வந்து போனைத் திறந்தாள். எருமை பாக்கியலக்ஷ்மிக்குப் போயிருந்தது. ரெண்டு சிதை வரியைச் சுப்புராஜ் மறுபடி எடுத்துப் போட்டிருந்தான். அதன் கீழே சிரிக்கும் மூஞ்சிகள்.

அவள் எழுதினாள்: "சொந்த முடி. நான்தான் பின்னினேன்."

 கொஞ்ச நேரத்தில் ஆனந்தகுமார் கூப்பிட்டான். பின்னால் ஓட்டல் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, நெசமாவா? தொட்டீங்களா?"

"தொட்டேன்டா."

"எம்புட்டு நீளம்க்கா இருக்கும்?"

சங்கரி போனைக் காதில் வைத்தபடி மற்றக் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். போதவில்லை. நடுத்தெருவில் இன்னும் ஓரடி தள்ளி நின்று, எட்டின மட்டும் நீட்டினாள். வந்த ஸ்கூட்டர்க்காரர் ஒதுங்கிப் போனார்.

"அக்கா? சொல்லுங்க, எம்புட்டு?"

"இந்தா, இம்புட்டு" என்றாள் சங்கரி. போனில் அவனுக்குத் தெரியாது என்பது உறைத்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.