தெற்குப் பார்க்காத கார்

அன்று வாசலில் இருந்தவர்கள்: நஞ்சப்பனாகிய நான், என் மனைவி வசந்தாமணி, இளைய மகன் ரஞ்சித்குமார், மருமகள் மானஸா, பூஜை செய்துவைக்க வந்த அடுத்த தெரு பிச்சுமணி. வேறு யாரும் இல்லை. கூட இருந்ததுபோல் கதை பேசுகிற ஒருவரும் அங்கே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் கடலுக்குப் பக்கத்தில், டிராம் ஓடும் தெருவில் எங்கள் வீடு. வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அகலம்தான். கோடையிலும் காலையில் பனி இறங்கிவிடும். எதிர்வீடு தெரியாது. டிராம் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

ரஞ்சித் புதுக் கார் வாங்கியிருந்தான். எங்கள் கராஜ் வாசலில் தெருவைப் பார்த்து நிறுத்தினால் கார் தெற்குப் பார்த்து நிற்கும். எமன் திசை. அப்படி நிறுத்திப் பூஜை போட வசந்தாமணி சம்மதிக்கவில்லை. கிழக்குப் பக்கம் திருப்பித் திருப்பி நிறுத்தியதில் கார் சாய்வாக நின்றது. அதன் முன்பக்கம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, ட்ராம் வந்தா?" என்றாள் மானஸா.

"இப்பத்தானே ஒண்ணு போச்சு. அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார் பிச்சுமணி.

எங்கள் மூத்த மகன் செங்கோட்டுவேல் டெக்சாஸில், இர்விங்கில் வேலை பார்த்தான். அவன் முதல் கார் வாங்கியபோது பூஜையை நாங்கள் ஊரிலிருந்து போனில் பார்த்தோம். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். அதன்மேல் வண்டி முன்னால் ஏற வேண்டும். ஆனால் முன்னால் சுவர் இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே பின்னால் எடுத்தான். அந்த மாதமே ஃப்ரீவேயில் ஒரு விபத்தில் போய்விட்டான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். வசந்தாமணி ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. இருக்கிற ஒரு பிள்ளையாவது முன்னால் போக வேண்டும் என்பாள்.

தேங்காய் உடைத்தாயிற்று. பழங்களை வைத்தாயிற்று. ரஞ்சித் உள்ளே ஏறி உட்கார்ந்தபோது பனிக்குள்ளிருந்து மணி அடித்தது. டிராம் காருக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. முன்னால் போக வழியில்லை.

"அம்மா, ரிவர்ஸ் எடுக்கறேன். தள்ளிக்கோங்க."

வசந்தாமணி காரின் பின்னால் போய் நின்றுகொண்டாள். "எடுக்கக்கூடாது சாமி. அவங்களப் பின்னால போகச் சொல்லு."

"ட்ராம் எப்படிம்மா பின்னால போகும்?"

ஓட்டுநர் அம்மாள் இறங்கி வந்தாள். பழங்களைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். "கார் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் டிராமுக்குப் பக்கவாட்டில் நகரத் தெரியாது" என்றாள் இங்கிலீஷில். உள்ளேயிருந்து ஒருவன், "பழச்சாறு எப்போது கிடைக்கும்?" என்று கத்தினான். பனிக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. நான் வசந்தாமணியிடம் போனேன். "ரஞ்சித் எடுக்கட்டும், நகரு" என்றேன்.

"ஏனுங்க, ஒருத்தனக் குடுத்தது போதாதுங்களா?"

பிச்சுமணி இடையில் புகுந்தார். "சாஸ்திரத்துல பரிகாரம் இருக்கும்மா. சாயங்காலம் வேற பழம் வெச்சுக்கலாம்."

"உங்க பையனா இருந்தா வைப்பீங்களா?" என்றாள்.

ரஞ்சித் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். ஓட்டுநர் அம்மாள் போனை எடுத்து யாரிடமோ இழுவை வண்டி கேட்டாள். அந்த வண்டி வந்தால் காரைப் பின்பக்கமாகத்தான் இழுக்கும். மானஸா அதை அத்தையிடம் மெல்லச் சொன்னாள். வசந்தாமணி டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்கள் எல்லாம் மூச்சுப்பட்டு வெளுத்திருந்தன. நடு ஜன்னலில் மட்டும் யாரோ உள்ளிருந்து துடைத்திருந்தார்கள்.

"முழங்கையில துடைக்கிறான் பாருங்க" என்றாள்.

செங்கோட்டுவேல் சிறு வயதிலிருந்தே கண்ணாடியை முழங்கையால்தான் துடைப்பான். உள்ளங்கை ஈரமாவது அவனுக்குப் பிடிக்காது. எத்தனை திட்டினாலும் எல்லாச் சட்டையிலும் அந்த இடம் அழுக்காக இருக்கும்.

"யாரு அத்தை?" என்றாள் மானஸா.

"நின்னுட்டே இருக்கறான் பாரு. எத்தன நேரம் நிக்க வெச்சுட்டோம்." வசந்தாமணி காரின் பின்னாலிருந்து விலகினாள். பின் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள். "கண்ணு, எடு. பின்னாலயே எடு. அண்ணனுக்கு வழி விடு."

ரஞ்சித் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கார் பின்னால் வந்தது. பழங்கள் நசுங்கின, ஒன்று மட்டும் உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. டிராம் அதன்மேல் ஏறிக் கடல் பக்கமாகப் போயிற்று. வசந்தாமணி கையை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. பனி மூடும்வரை பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது மணி கேட்டால் எந்த வேலையானாலும் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வருகிறாள். காரைத் தெருவில் நிறுத்த ரஞ்சித்தை விடுவதில்லை. "அவன் வர்ற வழி" என்கிறாள். ரஞ்சித் வேலையிலிருந்து வரத் தாமதமானால் மட்டும் முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறாள். அவன் வந்து சேரும்வரை நானும் சாப்பிடுவதில்லை.

பிச்சுமணியிடம் கேட்டுவிட்டுக் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் மற்றவர்கள் பேசியது என் காதுக்கும் வந்துவிட்டது. வசந்தாமணிக்குப் பேய் பிடித்ததாம். பயந்துபோய்க் காரை விற்றுவிட்டோமாம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றைப் பார்த்து அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதாம்.

அவளுக்குப் பேய் பிடிக்கவில்லை. கார் கராஜில் இருக்கிறது. டிராம் ஜன்னலில் நின்றவனை நானும் பார்த்தேன்.